சுருக்கக்கோல்

முதலில் அங்குலமே ஒத்துவரவில்லை.

பீளமேட்டில், மூடிய மில்லின் கணக்கறை.
தறி வாங்க பெல்ஜியம் போன பெரிய முதலாளி
தறிகளோடு ஒரே கப்பலில் ஏற்றி வந்த ஹார்ப்சிகார்ட்.
மூடியைத் தூக்கி ஸ்கேலை வைக்கிறேன்:
பத்தேகாலில் ஒரு கீறல்
இருபதரையில் இன்னொன்று.
முழு எண்ணே தெரியாதவனா இதைச் செய்தவன்?

நான் பவுண்டரிக்கு மரப்பேட்டர்ன் செய்கிறவன்.
ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும்
அதற்காக எங்கள் கோலில் அங்குலமே
கொஞ்சம் பெருத்திருக்கும்.
வார்ப்பிரும்புக்கு ஒரு கோல், பித்தளைக்கு ஒன்று, எஃகுக்கு ஒன்று.
எஃகுக்கோலை எடுத்து வைத்தேன்.
பத்து. இருபது.
அரை நூல் குறைய, அவ்வளவுதான்.
கட்டைவிரல் தடித்த ஊர் போலிருக்கிறது.

அப்புறம் அவன் கை பிடிபட்டது.
நகம் பதிகிற மலிவு மரம்
அது தெரியாமலிருக்க
கடற்குதிரை அச்சடித்த காகிதம் ஒட்டியிருக்கிறான்.
இடக்கோடியில் கட்டைகள் பொய் சொல்லுமாம்
ஒன்றை அழுத்தினால் வேறொன்றின் சுரம் வருமாம்
மரம் மிச்சம், கம்பி மிச்சம்
அந்தக் காலத்துப் பாட்டுக்கு அது போதும்.
இப்போது அந்தப் பொய் இல்லை
திருத்திவிட்டார்கள். ஆணித் துளைகள் மட்டும்
பழைய இடத்தில் நிற்கின்றன.

வலக்கோடிக்கு நான்கு விரல் முன்னால்
எஃகுக்கோலும் பிசகியது.
இது இன்னும் பெரிய அங்குலம்.
வேறு ஊர். வேறு ஆள். நூறு வருசமாவது இடைவெளி.
பெட்டியை நீளவாக்கில் அறுத்து
விலாவை விலக்கி
புது மரம் நுழைத்து ஒட்டியிருக்கிறான்.
கட்டைகள் கூடின
ஒவ்வொன்றும் மயிரிழை இளைத்தது.

ஒலிப்பலகையில் ஒரு ட்யூலிப்.
ரம்பம் போன வழியில் பாதியோடு நின்ற பூவுக்கு
மறுபாதி வரைந்திருக்கிறான் இரண்டாமவன்.
சிவப்பு ஒத்திருக்கிறது.
ஆறில் முடிய வேண்டிய இதழ்
ஏழாகிவிட்டது.

ஏல ஏஜென்ட் தேவசகாயம் செருப்போடு உள்ளே வந்தார்.
"ஒட்டு வேலையெல்லாம் எடுத்துருங்க.
வாங்கறவங்களுக்கு மொத ஆளு செஞ்சதுதான் வேணும்."
"அப்ப பூவு பாதியாயிருமுங்களே."
"பூவுக்கு யாருங்க காசு தர்றாங்க?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே
ரிங் பிரேம்களை எடைக்குப் போட்ட லாரி
ரிவர்ஸில் முனகியது.
அவற்றிலும் பாதி உதிரி நான் அச்செடுத்தது
எந்த வருசத்து மில் வேண்டும் என்று
அவற்றை யாரும் கேட்கவில்லை.

எஸ்டிமேட் எழுதினேன்.
கம்பி மாற்ற இவ்வளவு. விரிசல் அடைக்க இவ்வளவு.
ஒட்டு எடுக்க, என்று எழுதி
எதிரில் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் புதிதாகச் செய்தேன்.
கட்டை அழுத்த மேலெழும்பிக்
கம்பியைச் சுண்டுகிற குச்சிகளில் ஒன்றைக் காணோம்.
முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் ஓட்டை.
மஞ்சக்கடம்பில் சீவினேன்
என் சாதாரண ஸ்கேலால், என் அங்குலத்தில்.
கேன்டீன் பின்னால் காக்கை உதிர்த்த இறகை
வாட்ச்மேன் ராக்கியண்ணன் பொறுக்கித் தந்தார்
காம்பை நறுக்கி நாக்கில் செருகினேன்.
பென்சிலால் 31 என்று எழுதினேன்.
பக்கத்து 32 தலைகீழாக இருந்தது
அதைத் தொடவில்லை.

ரேஸ்கோர்ஸிலிருந்து ஞானசீலி டீச்சர் வந்து
இடமிருந்து வலம் ஒவ்வொன்றாக அழுத்தினார்.
மழைக்கு முன் தகரத்தில் விழும் துளி போல.
முப்பத்தொன்றில் நின்றார்.
மறுபடி அழுத்தினார்.

"இது மட்டும் கொஞ்சம் சத்தமா இருக்குதுங்க."

"புதுசுங்க" என்றேன்.
"சுருங்கிக்கும்."