பன்னிரண்டு எழுத்து

பழைய கார்டைக் கழற்றி எடுத்தபோது
அதன் பொன்னிறப் பற்களில் பச்சை பூத்திருந்தது.
பெரியகல்லாற்றில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி.
உப்புக்கு எந்தப் பக்கத்தாலும் வரலாம்.
கதவு தட்டத் தேவையில்லை.

கல்முனையில் ரிஸ்மி தந்த புதுக் கார்டு
இரண்டு பெருவிரல் நகம் சேர்ந்த அளவு.
மூவாயிரத்து எண்ணூறு.
"பிழைச்சா மாத்தித் தருவீங்களா?"
"கார்டு பிழைக்காது தங்கச்சி,
பூட்டுற கை பிழைச்சாத்தான்."
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
அடைக்கு வைக்கும் முட்டை மாதிரி.

லப்டொப்பின் அடியில் பதினொரு திருகாணி.
மீன்டின் மூடியில் ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
எண்ணிப் பார்க்கையில் பத்துத்தான்.
மற்றது இந்த அறையில் எங்கேயோ கிடக்கிறது.
வெறுங்காலுக்கு ஒருநாள் தெரியவரும்.

சாய்வாகச் செருகி, அமத்தி, பூட்டினேன்.
பிறகு அந்த வயர்கள்:
கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று,
திரையின் விளிம்பால் ஏறிப்போகிறவை.
காற்றில் வருவதைக் கேட்பது அவைதான்,
கார்டுக்குத் தனியாகக் காது இல்லை.
நுனியில் எள்ளளவு பித்தளை வளையம்.
ஐப்பசிப் புழுக்கம், விரல் வழுக்குகிறது.
ஃபேனை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி
நாலாம் தரம்
டிக்.

உள்ளே ஏதோ வந்திருக்கிறது,
ஆரென்று தெரியவில்லை என்றது லப்டொப்.
டிரைவர் வேண்டுமாம்.
டிரைவர் இணையத்தில் இருக்கிறதாம்.
இணையத்துக்குப் போகத்தானே டிரைவர்!
வீட்டைப் பூட்டித் திறப்பை உள்ளே வைத்த கதை.
போனை வயரால் கொழுவி,
முந்நூறு ரூபாய் டேட்டா கரைய
இறக்கி முடித்தேன்.

ஒழுங்கையின் பெயர்கள் திரையில் எழும்பின.
கட்டாருக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகூட
ஆளில்லாமல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.
எல்லாவற்றுக்கும் மேலே, நாலு கோடும் நிறைந்து,
மதிலுக்கு அந்தப்பக்கம்
அக்கா வீடு.

அக்காவோடு கோபமில்லை. அத்தானோடுதான் பேச்சில்லை,
மதில் எழும்பிய மாசியிலிருந்து.
பில்லில் என் பாதி மட்டும்
மாதாமாதம் வங்கி வழியாகப் போகும்.

கடவுச்சொல் சரி.
ஆனாலும் சேரமாட்டேன் என்றது.
மூன்று தரம்.

பிறகுதான் ஞாபகம் வந்தது.
ஒழுங்கைப் பொடியன்கள் களவாய் ஏறுகிறார்களென்று
அத்தான் போட்ட பூட்டு அது.
பதிந்துவைத்த கார்டுகளுக்கு மட்டுமே வழிவிடும்.
இவ்வளவு நாளும் அங்கே பதிந்திருந்தது நானில்லை,
மேசையில் பச்சை பிடித்துச் செத்துக்கிடக்கும் இது.
அதே லப்டொப், அதே கை, அதே கடவுச்சொல்,
ஆர் நீ என்கிறது ரவுட்டர்.

ஆறரைக்குக் கணக்கீட்டு வகுப்பு.
ஏழு பிள்ளைகள் காத்திருக்கும்.
ஐந்தே முக்கால்.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
புதுக் கார்டின் பன்னிரண்டு எழுத்தையும் எழுதிக்கொண்டு
வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றேன்.
மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான்."
எட்டு மாதம் கிடந்த சொல்,
தொண்டையில் கொஞ்சம் கிறீச்சிட்டது.

துணியில் கையைத் துடைத்தார்.
விளங்கப்படுத்த விடவில்லை. துண்டைக் கண்டதும்
போனை எடுத்து ரவுட்டருக்குள் போனார்.
"சொல்லு."

"ஏ நாலு."
"ம்."
"சைபர் எட்டு."
"ம்."
"ஏழு டீ."
"பீயா, டீயா?"
"டீ. தேத்தண்ணி டீ."

குசினி யன்னலால் அக்காவின் குரல்:
"ஆருக்கு தேத்தண்ணி? அவளுக்கா?
சீனி எவ்வளவு போட?"

அத்தான் என்னைப் பார்த்தார்.
நான் துண்டைப் பார்த்தேன்.
இன்னும் ஆறு எழுத்து மிச்சம்.

"ரெண்டு கரண்டி" என்று
திரும்பாமலே கத்தினார், என்னைக் கேட்காமல்.
பிறகு போனில் பெருவிரலை வைத்தபடி,
"ம். அடுத்தது?"

"அந்த ரெண்டையும் அதுக்குள்ள
அடிச்சுப்போடாதீங்க" என்றேன்.