திங்கள், மதியம் இரண்டு

ஆக்லாந்திலிருந்து சாந்தியாகோவுக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பதினோரு மணி நேரம்.
செவ்வாய் மாலை ஆறுக்கு ஏறினால்
அதே செவ்வாய் பகல் ஒன்றுக்கு இறங்கலாம்,
ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே.

யஸ்னா விரல் மடக்கிப் பார்க்கிறாள்.
காலை ஆறு. பால் கறக்கும் கொட்டகை.
கையுறை முழுக்க ஈரம்.
நிபால்தோவின் அழைப்பை அடித்து ஓயவிட்டாள்;
எப்போதும் பணம்தான் கேட்பான் தம்பி.
நண்பகலில் வேறு யாரோ அழைத்தார்கள்.

இருக்கைத் திரையில் பொம்மை விமானம்
நீலத்தின் மேல் நகராமல் நகர்கிறது.
தேதிக்கோட்டைத் தாண்டுகையில்
யாரும் எதுவும் அறிவிக்கவில்லை.
பக்கத்து இருக்கைக்காரர்
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

தரை தட்டியதும் கைப்பேசியை உயிர்ப்பிக்கிறாள்.
கடிகாரம் தானாகத் திருந்துகிறது.
தவறிய அழைப்பும்தான்:
நேற்று, மதியம் இரண்டு.

இருபத்துமூன்று மணி நேரம்தான் குறைகிறது.

பெட்டிகள் சுற்றத் தொடங்கிவிட்டன.