ஒரே வளைவு

ஐந்து ரோட்டில், மேம்பாலத்தின் இடுப்பு உயரத்தில்
முதல் மாடிக் கடை.
விமானச் சீட்டுப் போட்டுத் தருவது என் பிழைப்பு.
நான் இதுவரை ஏறியதில்லை.

சங்ககிரி அர்த்தநாரி விலை கேட்க மாட்டார்.
"பெங்களூர்ல இருந்து வான்கூவர்
எத்தனை கிலோமீட்டருங்க?"
நாலாவது முறையாகச் சொல்கிறேன்:
பன்னிரண்டாயிரத்து எண்ணூறு.

டோல்கேட் ரசீதைத் திருப்பி
அதன் முதுகில் வகுக்கிறார்.
குவஹாத்திக்கு ஜவ்வரிசி ஏற்றிப் போனது ஏழு நாள்.
அந்தக் கணக்குக்கு இது முப்பது நாள்,
டயர் வெடிக்காமல்,
எந்த எல்லையிலும் எவரும் கை நீட்டாமல்.
டீசல் மூவாயிரத்து இருநூறு லிட்டர்.
"நடுவுல கடல் வேற கிடக்குது"
என்று தானே சிரித்துக்கொள்கிறார்.

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
நீலக்கோடு பெங்களூரில் கிளம்பி
வடக்கே, இன்னும் வடக்கே,
ஊர்ப்பெயரே இல்லாத வெள்ளை வரை ஏறி
அந்தப் பக்கமாகச் சரிந்தது.
"ஏனுங்க இத்தனை சுத்து? டிரைவர் புதுசா?"

இதுதான் நேர்வழி என்றேன்.
உருண்டையைத் தட்டையாக விரித்ததில்
நேர்வழி சுற்றாகத் தெரிகிறது.

அவர் வெகுநேரம் கோட்டையே பார்த்தார்.

பிறகு சம்பந்தமில்லாமல் ஏற்காடு வந்தது.
கௌசல்யா அங்கே விடுதியில் படித்தாளாம்.
லீவு முடிந்தால் டெம்போவில் கொண்டுபோய் விடுவார்.
இருபது கொண்டை ஊசி.
ஒன்பதாவதில் ஓரங்கட்டினால்
அவள் குனிந்து வாந்தி எடுப்பாள்,
இவர் ரெட்டைப் பின்னலைத் தூக்கிப் பிடிப்பார்.
முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம்.

அவள் யாரைக் கட்டிக்கொண்டு போனாள் என்பதை
அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.
எத்தனை வருடமாகப் பேச்சில்லை என்பது
சங்ககிரியில் எல்லா லாரிப்பட்டறைக்கும் தெரியும்.

நேரம் கேட்டார்.
ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு ஏறினால்
நடுவில் ஓரிடம் மாறி, இருபத்திரண்டு மணி நேரம்.
இறங்கும்போது அங்கே
அதே ஞாயிறு, மதியம் ஒன்றரை.
"அப்ப அரை நாள் லாபம்!"
திரும்பி வரும்போது பிடித்துக்கொள்வார்கள் என்றேன்.
"அட்வான்ஸ் மாதிரி" என்றார்,
அதில் அவருக்கு வருத்தமில்லை.

"அந்தக் கோட்டுல வளைவு எத்தனைங்க?"
ஒன்றே ஒன்றுதான்.
ஆனால் ஏறியதிலிருந்து இறங்கும் வரை அதுவேதான்.
"அப்ப அவளுக்கு வாந்தி வந்திருக்காது"
என்றார்.

சீட்டுப் போடவில்லை.
கோட்டை மட்டும் அச்செடுத்துத் தரச் சொல்லி
பத்து ரூபாய் வைத்தார்.
நாலாய் மடித்து, பெர்மிட் உறைக்குள் செருகினார்.
கீழே அவர் லாரிக்குப் பின்னால்
பஸ்காரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.
பாதிப் படியில் நின்று கத்தினார்:
"பாஸ்போர்ட்டுக்கு எத்தனை நாளாகும்?"
என் பதில் ஹாரனில் போய்விட்டது.

கடை சாத்தும்போது ஏழரை.
வடக்கு ஜன்னலில் சேர்வராயன் மலை
இருட்டோடு இருட்டாக,
அதில் வண்டி விளக்குகள் மட்டும் ஊர்ந்தன.
பாதி மலையில் ஒன்று
ஓரமாக நின்றது.
எத்தனையாவது வளைவென்று
இங்கிருந்து எண்ண முடியாது.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
அது மறுபடி நகரும் வரை
நானும் நின்றேன்.