நானூறு கிராம்

கூடைக்கு நானூறு கிராம்.
அதற்கு மேல் ஐலிஃப் ஆசைப்பட்டதில்லை.
எடைக்கல் வைக்கும் தட்டின் அடியில்
ஓர் ஈயத்துண்டை மெழுகால் ஒட்டியிருந்தான்.
அவன் சொன்னான், நான் எழுதினேன்,
பதினொரு பருவம்.
லோஃபோட்டன் கரையில் காட் மீன் வந்து குவியும் மாதங்களில்
விரல் விறைக்கும், மைக்கூடு உறையும்.
ஆனாலும் என் எண்கள் அழகாகவே இருந்தன.

எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.
வருடம் ஒரு ஜோடி பூட்ஸ், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாளி வெண்ணெய்.
அதற்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

வருத்தம் இருந்தது எனக்கு; அதையும் சொல்லிவிடுகிறேன்.
ஞாயிறுதோறும் ஆலயத்தில், அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில்,
வருத்தத்தை மடியில் வைத்துப்
பூனையைப்போல் தடவிக்கொண்டிருப்பேன்.
கொழுத்துப்போயிருந்தது.
ஆராதனை முடிந்ததும் வீடு திரும்புவோம்,
நானும் அதுவும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஐலிஃப் தராசைக் கவிழ்த்தான்.
ஈயத்தைப் பெயர்த்து என் மேசையில் வைத்தான்.
"பேரேட்டைக் கொடு."
பிரசங்கமா, கனவா, என்ன நடந்தது என்று கேட்டேன்.
சொல்லத் தெரியவில்லை அவனுக்கு.
"பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.
திரும்பினேன்."

படகில் தன் பாதிப் பங்கை விற்றான்.
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு
வீடு வீடாகப் போனான்.
சிலர் எண்ணி வாங்கினார்கள்.
ஒருவர் காலடியில் துப்பினார்.
கிழவன் சீவெர்ட் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தான்:
"மீன் வயிற்றில் கல்லடைத்துத்தானே நான் கொண்டுவந்தேன்,
போ, கணக்கு சரி!"

யோருன் வாங்கவில்லை.
"கூலி போதவில்லை என்றுதான்
அந்தச் சனிக்கிழமை ஹல்வர் இன்னொரு முறை வலை எடுத்துப் போனார்.
அதற்கு எத்தனை கிராம், சொல்."

மீனைக் கையில் ஏந்தினாலே எடை சொல்பவன் ஐலிஃப்.
பனியில் நின்றான்.
அவள் கதவைச் சாத்தவில்லை.
உள்ளே வா என்றும் சொல்லவில்லை.
மறுநாளும் போனான், பணம் இல்லாமல்.
அதற்கு மறுநாளும்.
என்ன பேசினார்களோ. பேசவே இல்லை என்கிறார்கள்.

கொடுத்துத் தீர்த்தால் மீட்பு என்று
நான் போட்டது கணக்கன் கணக்கு.
தீராத ஒன்று அந்த வாசலில் இருந்தது;
அவனுக்கு அது தெரியும், அப்படியும் போனான்.
இரவில் பேரேட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்:
கூப்பிட்டது முதலில்.
திரும்பியது பிறகு.
காசு அதற்கும் பிறகு.
கூட்டிப் பார்த்தேன், தொகை வரவில்லை.

பெரிய வியாழன்.
நற்கருணைக் கம்பியருகே முழங்கால் படியிட்டான் ஐலிஃப்.
நாவில் வைத்த அப்பம் அரை கிராம்கூட இராது,
எந்தத் தராசும் அதற்கு அசையாது.
அவன் தோளோ, ஈரக் கூடை ஏற்றியதுபோல் இறங்கியது.
பிறகுதான் யோருன் வந்தாள்.
அதே கம்பி. நடுவே ஓர் ஆள் இடம்.
கடலிலிருந்து திரும்பாதவருக்கு விட்டிருக்கிறாள்
என்று நினைத்தேன்.
குருவானவர் கிண்ணத்தோடு அந்த இடைவெளியில் நின்று
பலகைகளைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

அடுப்பு வெதுவெதுப்பாக இருந்தது.
இத்தனை ஞாயிறும் இங்கிருந்து திரும்பினேனே,
அது வீடுதானா?

எழுந்தேன்.
மடியிலிருந்தது தொப்பென்று விழுந்தது.
தடவிக்கொடுக்கக் குனியவில்லை.
ஏழெட்டு அடி தூரம், பூட்ஸ் சத்தம் பெரிதாகக் கேட்டது,
அவன் வாங்கித் தந்த பூட்ஸ்.

"எழுதியது நான்" என்றேன்.
உரக்கச் சொன்னேனா, தெரியாது.
யோருன் திரும்பிப் பார்த்தாள்.