முப்பத்தொன்று

ரேசெக்னே நகரில் சுழிக்குக் கீழே இருபத்திரண்டு.
இரவு ஒன்றே கால்.
வெந்நீர் நிலையத்தின் திரையில்
ஊரைச் சுற்றித் திரும்பும் நீரின் சூடு:
அறுபத்தெட்டு. பிறகு கோடு. பிறகு கோடு.
ஒரே ஒரு தடவை அறுபத்தேழு.
மறுபடி கோடு.

ஜினோவி தொலைபேசியில் ரஷ்ய மொழியில் சொன்னதை
விஸ்மா லாத்விய மொழியில் குறித்துக்கொண்டாள்.
எண்கள் மட்டும் இருவருக்கும் பொது.

இரண்டு கம்பிகள்,
ஒன்றையொன்று முறுக்கியபடி நானூறு மீட்டர்.
அதில் தொங்குபவை இருபத்தாறு:
இத்தாலியப் பம்பு, பின்லாந்து அளவி,
பெயர்த்தகடு உரிந்து ஊர் தெரியாமல் போன ஒரு வால்வு.
எல்லாம் பேசுவது மோட்பஸ்.
அதன் இலக்கணம் ஒரு பக்கத்தில் அடங்கும்.
கேட்டாலொழியப் பேசாதே.
உன் எண்ணைச் சொன்னால் மட்டும் வாய் திற.
சொன்னதன் கணக்கைக் கடைசியில் ஒட்டு,
கேட்டவன் சரிபார்த்துக்கொள்வான்.
சுழி என்று விளித்தால் அது எல்லாருக்கும்;
எல்லாரும் கேட்கலாம், ஒருவரும் பதில் சொல்லக் கூடாது
(நகராட்சி அறிவிப்பு மாதிரி).
முற்றுப்புள்ளி கிடையாது. முடித்துவிட்டாயா,
மூன்றரை எழுத்து நேரம் சும்மா இரு.

மூன்றரை.
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை அளந்தவர்களுக்கு
இது ஆச்சரியமாய் இராது.

கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு
மின்சாரம் நிறுத்தி ஓம் பார்த்தாள்.
அறுபது. சரி.
இரு முனையிலும் தடைகள் இருக்கின்றன,
எதிரொலி திரும்பாது.
வால்வு சரி. காப்புறை சரி.
மறுபடி உயிர் கொடுத்து, மடிக்கணினியைச் செருகி
கம்பியை ஒட்டுக்கேட்டாள்.

கட்டுப்படுத்தி கேட்கிறது: ஒன்றே, உன் சூடு என்ன?

இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள்.
ஒரே நொடியில், ஒன்றன்மேல் ஒன்றாக.
கணக்கு உதைக்கிறது.
கட்டுப்படுத்தி குறை சொல்லாமல் இரண்டையும் வீசிவிட்டு
இரண்டாமவரிடம் போகிறது.

வெள்ளிக்கிழமை ஐனார்ஸ் புது அளவி மாட்டினான்.
மாட்டிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான்.
பெட்டியிலிருந்து வரும் எந்தக் கருவியும்
பிறக்கும்போது ஒன்றுதான். பிறகுதான் எண் வைக்க வேண்டும்.
பழைய ஒன்றோ
இருபது வருடமாக ஒன்றாக இருக்கிறது.

என்ன எண் தருவது?
பட்டியலில் விரல் ஓட்டினாள்.
முப்பத்தொன்று: தையற்கூடம்.
இடித்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது கார் நிறுத்துமிடம்.
யாரும் அந்த வரியை அடிக்கவில்லை.
ஒவ்வொரு சுற்றிலும் கட்டுப்படுத்தி
முப்பத்தொன்றே, உன் வேகம் என்ன என்று கேட்டு
ஒரு முழு விநாடி காத்திருந்து
கடந்து போயிருக்கிறது.

சின்னச் சுவிட்சுகளைப் பேனா முனையால் தள்ளினாள்.

மேலே ஜினோவியின் திரையில்
ஒன்பது வருடச் சாம்பல் நிறக் கட்டம்
சிவப்பாயிற்று.
பிழை இரண்டு: நீ கேட்ட இடம் என்னிடம் இல்லை.
அவன் தொலைபேசியை எடுத்தான்.
"தையற்கூடம் பேசுகிறது."
"ம்."
"அந்தப் பம்பை நான்தானே கழற்றி லாரியில் ஏற்றினேன்?"
"ம்," என்றாள். பேனா இன்னும் அவள் வாயில்.

பிறகு கேள்வியைத் திருத்த வேண்டியிருந்தது.
புத்தகம் ஒன்றிலிருந்து எண்ணுகிறது,
கம்பி சுழியிலிருந்து.
அந்த ஒன்றில் அரைமணி போயிற்று.
வந்த சூடோ கோடிக்கணக்கில், அதுவும் கழித்தல்.
எண்ணின் இரு பாதிகளும் இடம் மாறி வருகின்றன,
பின்பாதி முன்னால்.
புரட்டிப் போட்டாள்.

அறுபத்தெட்டு புள்ளி நாலு.

ஒன்று சொல்கிறது. இரண்டு சொல்கிறது. இடையில்
நாலு மில்லிவிநாடி யாரும் இல்லை.

பெயரை மாற்றக் கடவுச்சொல் வேண்டும்.
அது ஓய்வுபெற்றுப் போன யாரிடமோ.
காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள்:
தையற்கூடம், 68.4.
வெளியே கார்களின் மேல்
முழங்கால் உயரப் பனி.