பூச்சுக்கு உள்ளே

கெயோன் துறைமுகத்தில் இன்று மழையில்லை என்று
நோட்டில் எழுதினேன்.
அடித்தேன்.
மை காய்வதற்குள் வந்துவிட்டது.

மேசையில் ஆறு சுருள்கள்.
ஒரே குழாய், ஒரே செம்புக்கம்பி, முப்பத்திரண்டு சுற்று.
சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே
தூண்டில் நரம்பைக் கூடவே சுற்றி
பிறகு உருவியெடுத்த இடைவெளி.

"ஆறு பேருக்கும் சட்டை தைக்கிறாயா எதுவினா?"
வாசலில் சொட்டச் சொட்ட நோல்பெர்த்தோ பர்ரியா.
அவன் படகின் வானொலி
இந்தக் குளிரில் மூன்று முறை ஊமையானது.
மூன்றாவது முறை கோர்கோவாதோ வளைகுடாவில்,
வடமேற்குக் காற்றில், இரவில்.
அதைப் பற்றி அவன் பேசுவதில்லை.
கம்பியைப் பற்றித்தான் பேசுவான்.

ஒன்றுக்குச் சட்டையே இல்லை.
ஒன்றுக்குப் படகு வார்னிஷ்.
ஒன்றுக்கு என் மகள் விட்டுப்போன நகப்பூச்சு, செர்ரிச் சிவப்பு.
ஒன்றுக்கு எபாக்சி. ஒன்றுக்கு உல்மோப் பூவின் தேன்மெழுகு.
கடைசிக்கு,
அலை ஒதுக்கிய சால்மன் பெட்டியின் வெள்ளை நுரை:
தின்னரில் போட்டதும்
பெருமூச்சு விட்டு
அரைப் பெட்டி அரைக் கிண்ணக் கஞ்சியானது.

பூசுமுன் எல்லாம் இருநூற்றுப் பத்து.
பூசியபின் மீட்டரில்
நகப்பூச்சு நூற்றைம்பது (அழகுக்கு வரி),
வார்னிஷ் நூற்றெழுபது, எபாக்சி அதற்குச் சற்று மேலே,
மெழுகு நூற்றுத் தொண்ணூற்றாறு.
நுரைக்கஞ்சி மட்டும் இருநூற்று நான்கு.
போர்த்திக்கொண்டால் காது கொஞ்சம் மந்தம்தான்.
அம்மணன் இருநூற்றுப் பத்திலேயே நின்றான்,
ராஜா மாதிரி,
வாளியை மூடும்வரை.

வாளிக்குள் கடல்நீர்,
மீன்தொட்டிக்கு வாங்கிய காற்றுக்குமிழி,
பன்னிரண்டு நாள் உப்பு மூடுபனி.
மூன்றாம் நாள் ராஜாவுக்குத் தேமல்.
ஏழாம் நாள் எழுபத்தாறு.
செம்புக்கும் களிம்புக்கும் உறவு பழசு,
அதில் எனக்கு வியப்பில்லை.

ஒன்பதாம் நாள்
நுரைக்கஞ்சி நூற்று நாற்பதுக்கு விழுந்தது.
மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.
கம்பிமுனையைச் சுரண்டித் திரும்ப மாட்டினேன்.
நூற்று நாற்பதுதான்.
பூதக்கண்ணாடியில்
பூச்சில் விரிசலில்லை, குமிழில்லை, ஊசி முனைத் துளைகூட இல்லை.
பத்தொன்பதாம் சுற்றில் மட்டும்
உள்ளே
பச்சையாய் ஒரு நீள்வட்டம்,
வரி வரியாய்.

என் பெருவிரல்.

அன்று காலை உருளைக்கிழங்குக்கு உப்பிட்டுவிட்டு
ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்த கை.
வெளியிலிருந்து கடல் நுழையாதபடி
அவ்வளவு கவனமாய்
என்னையே உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
வளைகுடாவில் அணைந்த அந்த மூன்று சுருள்களையும்
சுற்றியது யார்?

ஏழாவதைச் சுற்றினேன்.
கையுறை போட்டு, ஆல்கஹாலில் கழுவி,
அடுப்பின் மேல்தட்டில் ஒரு ராத்திரி காயவிட்டு.
கஞ்சி நான்கு கை பூச வேண்டும்,
ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள்.

நோல்பெர்த்தோவுக்கு வெள்ளிக்கிழமை கடல்.
"நூற்று நாற்பதே போதும், கொடு."
தரமாட்டேன் என்றேன்.
மெழுகைத் தந்தேன்: பன்னிரண்டு நாளில் ஆறே எண் இழந்தது,
நூற்றுத் தொண்ணூறு.
"மெழுகு உருகாதா?"
"எந்த வெயிலில்?"
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.

சனி இரவு, நான்கு மெகாஹெர்ட்ஸில்
அவன் குரல், தெளிவாக,
நண்டு விலை, சங்கக் கூட்டம், மச்சினனின் கடன்.
எங்கே இருக்கிறாய் என்று கேட்கத் தேவையே இல்லாத அளவு பேச்சு.
நடுவில் நிறுத்திச் சொன்னான்:
"எதுவினா, பையன் கேட்கிறான்,
ரேடியோ பக்கம் ஏன் தேன் வாசம்?"

உடனே நோட்டை எடுத்தேன்.
மெழுகு இளக வெயில் வேண்டியதில்லை, பேச்சே போதும்.
சுருக்கமாய்ப் பேசு என்று சொல்ல
பொத்தானில் பெருவிரலை வைத்தேன்.
அவன் இன்னும் முடிக்கவில்லை.