தாரில் தார்

ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையைத் தாண்டும்வரை
இரண்டு சக்கரம் போதும்.
கஜபதிக்கு அதில் ஏமாற்றம்.
"நாலும் இழுக்குற வண்டின்னுதானே
ஏ.இ. அனுப்பினாரு? போடுங்கக்கா."

போடலாம்.
தார் ரோட்டில் என் தாருக்குப் பூட்டுப் போட்டால்
திருப்பத்தில் முன்சக்கரம் ஒரு தூரம் கேட்கும்,
பின்சக்கரம் வேறு தூரம் கேட்கும்.
பங்காளிகள் ஆளுக்கொரு முனை பிடித்த
பத்திரம்போல
நடுவில் இரும்பு முறுகும்.
மண் என்றால் வழுக்கிச் சமாதானம் பண்ணிவைக்கும்.
தார் விட்டுக்கொடுக்காது.

மேலே மூன்று நாளாய்க் கரண்ட் இல்லை.
பின்னால் கம்பிச் சுருள், இரண்டு பீங்கான் கப்,
ஏணிமேல் காலை வைத்துக்கொண்டு
ஹெல்பர் தணிகைவேல்,
மடியில் யாருக்கோ வாங்கிய
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்.

செக்போஸ்ட் தாண்டியதும் ரோடு செத்துப்போகிறது.
இறங்கினேன்.
முப்பத்திரண்டிலிருந்து இருபத்திரண்டுக்கு
காற்றை இறக்கினேன், ஒவ்வொரு டயராய்.
கஜபதி மணியைப் பார்த்தான்.
இங்கேயே லீவரையும் போட்டேன்,
சேறு இன்னும் இருபதடி தள்ளி இருக்கும்போதே.
புதைந்தபிறகு போட்டால்
இரண்டு குழி நாலு குழியாகும், அவ்வளவுதான்.

கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விடுவதில்லை.
கல் இடித்தால் அது சுழலும்,
விரல் யாருடையது என்று பார்க்காது.

இடப்பக்கக் கதவில் இருக்கும் சப்பை
போன கார்த்திகையில் வந்தது.
இழுக்கிற தெம்பில் இறக்கத்தையும் நம்பிவிட்டேன்.
ஏறுவதற்குத்தான் இந்த வண்டிக்கு
மற்றதைவிட இரண்டு கூடுதல்.
நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நாலுதான்,
டவுன்பஸ்ஸைத் தவிர.
இப்போதெல்லாம் இறக்கம் வந்தால்
லோவில் ஒன்று.
பிரேக்கின் மேல் கால் சும்மா கிடக்கும்,
இன்ஜின் முனகிக்கொண்டே
பிடித்து இறக்கும்.

ஓடை வந்தது.
வழக்கமாய்க் கணுக்கால் தண்ணீர்.
இன்று டீ நிறத்தில், சத்தத்தோடு.
நாலு சக்கரம் மண்ணைப் பிடிக்கும்.
தண்ணீர் வண்டியைத் தூக்கிவிட்டால்
பிடிக்க மண் ஏது?

"போயிடலாம்கா."
நான் சாவியைத் திருப்பி அணைத்தேன்.
கஜபதி பேசவில்லை. பிறகு
சிவப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து
கரைப்பாறையில், தண்ணீர் தொடும் இடத்தில் ஒட்டினான்.

எலுமிச்சை சாதம் தீர்ந்தது.
அக்கரையில் ஒருவர் பைக்கில் சாமை மூட்டையோடு
எங்களைப் போலவே உட்கார்ந்திருந்தார்.
ஏதோ கத்தினார், கேட்கவில்லை.
நாங்களும் கத்தினோம்.
டேப்புக்குக் கீழே இரண்டு விரல்.
நாலு விரல்.
ஒரு முழம்.
மணி மூன்றரை.

கம்பு ஊன்றி அக்கரைவரை நடந்து பார்த்தேன்.
நடுவில் ஒரு கல் போய்விட்டிருந்தது,
அந்தக் குழியை மனசில் வைத்துக்கொண்டேன்.
முட்டிக்குக் கீழேதான் தண்ணீர், இழுப்பு இல்லை.
லோ ஒன்று.
கிளட்ச்சைத் தொடவில்லை, கியர் மாற்றவில்லை.
வண்டிக்கு முன்னால் ஒரு சின்ன அலை,
அதை முந்தாமல் அதன் பின்னாலேயே போனேன்.
சாமைக்காரர் கையை ஆட்டி
குழி இருந்த பக்கத்தைக் காட்டினார்.

அவர்கள் கம்பம் ஏறியதைப் பற்றி
எனக்குச் சொல்லத் தெரியாது.
கத்திரிக்காய் ஒரு வீட்டுக்குள் போனது.
இருட்டுவதற்குமுன் கிளம்பு என்றேன் இரண்டு தடவை.

திரும்பி வந்து தாரில் ஏறியபோது
லீவர் இரண்டுக்கு வர மறுத்தது.
டாஷ்போர்டில் பச்சை விளக்கு அப்படியே.
கஜபதி பிடித்து இழுத்தான்.
தணிகைவேல் தட்டிப் பார்த்தான்.

விடுங்கடா என்று ரிவர்ஸ் போட்டேன்.
நேராய், ஆறடி பின்னால்.
உள்ளே எதுவோ 'டொக்' என்று
முறுக்கை விட்டது.

விளக்கு அணைந்தது.
இன்னும் காற்று அடிக்கணும்,
டயர் நாலும் தொளதொளவென்று கிடக்கிறது,
பெட்ரோல் பங்க் ஒடுகத்தூரில்தான்.
மெதுவாய்ப் போனேன்.
பின்னால் ஏணியில் சாய்ந்தபடியே
பையன் தூங்கிவிட்டான்.